தாமதமாக வந்த குதிரைக்காரனும் பத்திலொரு பங்கும்: யோஹானிஸ்பெர்க் மடத்துப் பண்ணையின் கதை

ரைன்கரை

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஆறு வருஷமாக இருக்கிறேன். இங்கிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரைன்காவ் என்ற திராட்சைச் சீமை வந்துவிடும். அங்கே கைசன்ஹைம் ஊரை ஒட்டி ஒரு குன்று, குன்றின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு மாளிகை, பக்கத்தில் பழைய கோயில். யோஹானிஸ்பெர்க் என்று பெயர், அதாவது யோவான் குன்று. குன்றின் தெற்குச் சரிவு முழுக்க ஒரே வகைத் திராட்சை, ரீஸ்லிங்.

முற்றத்தில் ஒரு குதிரைக்காரன் சிலை இருக்கிறது. போகிறவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதை இதுதான்: 1775-இல் இந்தப் பண்ணை ஃபுல்டா என்ற சீமையை ஆண்ட ஆயருக்குச் சொந்தம். ஆயர் எழுத்தில் அனுமதி தராமல் ஒரு குலைகூடப் பறிக்கக் கூடாது. அனுமதி வாங்கப் போன ஆள் பல நாள் தாமதமாகத் திரும்பினார். அதற்குள் பழம் அழுக ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அழுகலோடு பறித்துப் பிழிந்தார்கள். அடுத்த வசந்தத்தில் ருசி பார்த்தால், அதுவரை யாரும் குடித்திராத ஒயின்! 'ஷ்பேட்லேசெ', அதாவது 'தாமத அறுவடை' என்ற தரம் அப்படித்தான் பிறந்தது என்பார்கள்.

நானும் முதலில் கேட்டு ரசித்துவிட்டுத்தான் வந்தேன். அப்புறம் ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. கொடிக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஆளுக்குப் பழம் பழுத்தது தெரியாதா? நேர்கோட்டிலேயே 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஒருவரிடம் ஏன் கேட்க வேண்டும்? அந்தக் குதிரைக்காரன் சுமந்துபோன சுமை உண்மையில் என்ன? இந்தப் பண்ணையின் வரலாறே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1100-ஐ ஒட்டி மைன்ஸ் பேராயர் ரூத்ஹார்ட் காலத்தில், மைன்ஸ் நகரின் புனித ஆல்பன் மடத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் இங்கே வந்தார்கள். அதுவரை குன்றின் பெயர் 'ஆயர் குன்று'. கோயில் திருமுழுக்கு யோவான் பெயரில் எழுந்ததால் பெயர் மாறியது. கிட்டத்தட்ட 1130 முதல் தனி மடம். அடுத்த 400 வருஷம் ஜெபம், கொடி, நிலவறை என்று போனது. 1525-இல் உழவர் எழுச்சி. 1552-இல் ஆல்பிரெக்ட் அல்கிபியாடஸ் என்ற பிரபுவின் படை மடத்துக்குத் தீ வைத்தது. 1563-இல் மைன்ஸ் பேராயரே மடத்தைக் கலைத்துவிட்டார். முப்பதாண்டுப் போரில் காசு இல்லாத நேரத்தில் புனித ரோமானியப் பேரரசின் கருவூல அதிகாரி ஒருவரிடம் இதை அடமானம் வைத்தார்கள். துறவிகள் இல்லாத மடம், கைமாறிக்கொண்டே இருந்த சொத்து.

1716-இல் ஃபுல்டாவின் இளவரச மடாதிபதி கொன்ஸ்டான்டின் ஃபொன் பட்லர் இதை மைன்ஸிடமிருந்து விலைக்கு வாங்கினார். ஃபுல்டா ராஜ்யம் மலைப்பாங்கான குளிர்ப் பிரதேசம். ஹாமெல்பர்க்கில் 777-இல் சார்லமேன் மன்னர் கொடுத்த நிலத்தில் கொஞ்சம் கொடி இருந்தாலும், ரைன் கரை ஒயினுக்கு அது ஈடாகாது. வாங்கியவர் பழைய மடத்து இடிபாட்டை அகற்றி மாளிகை கட்டினார். 1720-ஐ ஒட்டி 2,94,000 ரீஸ்லிங் கொடிகளை நட்டதாகப் பண்ணையின் வரலாறு சொல்கிறது. முழுச் சரிவும் ஒரே வகைக் கொடி என்பது அந்தக் காலத்தில் புதிது. மற்றவர்கள் நாலு வகையைக் கலந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணை அப்படியே கடந்து போய்விடாதீர்கள். ஒருவர் ஒரு நாளைக்கு 200 குழி வெட்டி நட்டார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,470 ஆள்-நாள் வேலை. அதுவும் கருங்கல்லுக்குச் சளைக்காத குவார்ட்சைட் பாறைத் துண்டுகள் நிறைந்த சரிவில். மடாதிபதி பெயர் நமக்குத் தெரிகிறது. குழி வெட்டியவர்களைப் பற்றித்தான் பேச ஆசை.

முல்லை

அருமை அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். பண்ணை அவர்களுடையது, கொடி அவர்களுடையது. காரியஸ்தர் ஒருவர் அங்கேயே இருந்திருப்பார். பழுத்ததும் பறிக்கச் சொல்ல வேண்டியதுதானே? வெறும் அதிகாரத் திமிரா, இல்லை இதற்குக் கணக்கு ஏதாவது இருந்ததா?

ரைன்கரை

திமிர் மட்டும் இல்லை முல்லை, கணக்குதான். அதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பண்ணையை விட்டு விலகி, அன்றைய ரைன் கரை முழுவதையும் பார்க்க வேண்டும்.

அன்று கொடி வளர்ப்பவர் விளைச்சல் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் தசமபாகம், பத்திலொரு பங்கு. ஆரம்பத்தில் கோயிலுக்கென்று வந்தது, காலப்போக்கில் மடம், பேராயம், பிரபு என்று யார் கையில் உரிமை இருந்ததோ அவர்களுக்குப் போனது. நிலம் மடத்துடையது என்றால் அதற்கு மேல் குத்தகைப் பங்காக வாரம். பாதி வாரம், மூன்றிலொரு பங்கு என்று ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் பழத்தை நிலவுடைமையாளரின் ஆலையில்தான் பிழிய வேண்டும், அதற்கும் கூலியாக ஒரு பங்கு ஒயின் போகும்.

இப்போது பங்கு வாங்குகிறவர் இடத்தில் நின்று யோசியுங்கள். நெல் என்றால் களத்தில் குவியும், அளந்துவிடலாம். திராட்சை அப்படி இல்லை. இன்று இரண்டு கூடை, நாளை மூன்று கூடை என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பறித்தால் பத்திலொன்று எது என்று யார் பார்ப்பது? அதனால் எல்லாரும் ஒரே சமயத்தில் பறிக்க வேண்டும். பழுக்கத் தொடங்கியதுமே தோட்டத்துப் பாதைகளை அடைத்துவிடுவார்கள். தன் கொடிக்கு நடுவே தானே போக முடியாது, காவல்காரன் நிற்பான். பறிப்பு நாள் அறிவித்த பிறகுதான் பாதை திறக்கும். பங்கு வாங்குகிறவர்களின் ஆட்கள் அங்கேயே நின்று அளந்து எடுத்துப் போவார்கள்.

சீக்கிரம் பறித்தால் புளிப்பு, பங்குக்கு மதிப்பில்லை. தாமதமானால் மழையில் எல்லாம் போய்விடும். ஆகவே தேதி சொல்கிற உரிமை என்பது வருமானத்தின் மேல் இருக்கிற பிடி. ஃபுல்டா ஆயர் இங்கே சொந்தப் பண்ணையைத்தான் நடத்தினார் என்றாலும், அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. எடுத்துப் போகிறவர் இருக்கிற இடத்தில்தான் தேதி பிறக்கும், கொடி இருக்கிற இடத்தில் இல்லை. காரியஸ்தர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆள் அனுப்பி உத்தரவு வாங்குவார். 1775-இல் ஒரு தடவை உத்தரவு பிந்தியது. குதிரைக்காரன் கதை ஒயினைப் பற்றிய கதை என்பதற்கு முன்னால், நிலத்தில் இல்லாத நிலவுடைமையாளரைப் பற்றிய கதை.

பனிமயம்

தம்பி, நல்லா எழுதறீங்க. ஆனால் தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறதோ என்று தோன்றுகிறது. ஜெர்மன்காரர்களிடமே ஒரு பழமொழி உண்டு: 'ஆயர் கோலின் கீழ் வாழ்வது நல்வாழ்வு.' மடத்து நிலத்துக் குடிகள், பிரபுக்களின் குடிகளைவிட நிம்மதியாக இருந்தார்கள் என்பதால் வந்த சொல் அது. ஆயருக்கு வாரிசு இல்லை, பிள்ளைக்கு ராஜ்யம் பிடிக்கப் படை திரட்ட வேண்டிய அவசியம் குறைவு. மடம் சாவதில்லை, அதனால் இந்த வருஷமே கறந்துவிட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. பஞ்சத்தில் மடத்து வாசலில் கஞ்சி கிடைக்கும், நோய்க்கு மருந்து கிடைக்கும்.

இன்னொன்று. ஆசீர்வாதப்பர் சபை, அதாவது நீங்கள் சொன்ன பெனடிக்ட் சபைத் துறவிகள் 'ஜெபமும் உழைப்பும்' என்று வாழ்ந்தவர்கள். அந்தக் குன்றில் முதல் கொடியை நட்ட கைகளில் துறவிகளின் கையும் இருந்திருக்கும். நல்ல ரகத்தைத் தேர்ந்தெடுத்ததும், ஒரே ரகமாக நட்டதும், பொறுமையாக நிலவறையில் வைத்துப் பார்த்ததும் திருச்சபைப் பண்ணைகள்தான். 1787-இல் திரியர் பேராயர் கிளெமன்ஸ் வென்செஸ்லாவுஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகம் நட வேண்டும் என்று மோசல் பள்ளத்தாக்குக்கே உத்தரவு போட்டார். இன்று அந்த ஊர்கள் பிழைப்பது அதனால்தான். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழஞ்சுவடி

பனிமயம் ஐயா சொன்ன பழமொழியை நானும் படித்திருக்கிறேன், அதில் உண்மை உண்டு. ஆனால் ரைன்காவில் நடந்ததை அந்தப் பழமொழிக்குள் அடக்கிவிட முடியாது. நான் பல வருஷமாக உழவர் எழுச்சி பற்றிப் படித்து வருகிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரைன்காவ் சாதாரணச் சீமை இல்லை. காட்டை வெட்டிக் கொடி நட ஆள் தேவைப்பட்ட காலத்தில் மைன்ஸ் பேராயர்கள் அங்கே குடியேறியவர்களுக்கு உரிமைகளைக் கொடுத்தார்கள். 'ரைன்காவ் காற்றுப் பட்டால் விடுதலை' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அங்கே அடிமைக் குடி கிடையாது. அந்த உரிமைகளை 1324-இல் ஊர்க்கூட்டத்தில் சொல்லி எழுதியும் வைத்தார்கள். சீமையைச் சுற்றி 'கெபுக்' என்று ஒரு உயிர்வேலி: பீச் மரங்களின் கிளைகளை வெட்டி, வளைத்து, ஒன்றோடொன்று பின்னி, முள்செடியும் ஊடாக வளர்ந்து, ஆளும் குதிரையும் நுழைய முடியாத அரண். அதைப் பராமரிக்கிற பொறுப்பு ஊர்க்காரர்களுடையது. தங்கள் சீமையைத் தாங்களே காத்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர்கள்தான் 1525 வசந்தத்தில் எழுந்தார்கள். பட்டினியால் எழுந்த கூட்டம் என்று நினைத்தால் தவறு. கொடுத்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, மடங்களின் நிலம் பெருகுகிறது, மடத்து நிலத்துக்கு வரி கிடையாது, அந்தப் பாரமும் தங்கள் தலையில் விழுகிறது. இதுதான் கோபம். மடங்களும் பொதுச் சுமையில் பங்கு ஏற்க வேண்டும், இனிமேல் புதிதாகத் துறவிகளைச் சேர்க்கக் கூடாது என்று கோரிக்கைகள் எழுதினார்கள். இரண்டாவது கோரிக்கையைக் கவனியுங்கள். யாரையும் கொல்ல வேண்டாம், இருப்பவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், மடம் தானாக முடியட்டும் என்பது அதன் பொருள்.

யோஹானிஸ்பெர்க்குக்குப் பக்கத்திலேயே எபர்பாக் என்ற பெரிய மடம், 1136-இல் தொடங்கியது. அதன் நிலவறையில் சுமார் 71,000 லிட்டர் பிடிக்கிற ராட்சதப் பீப்பாய் ஒன்று இருந்தது. கூடியிருந்த ஜனம் அதில் பெரும்பகுதியைக் குடித்துத் தீர்த்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்தப் பீப்பாயில் இருந்தது யார் கையால் பிழிந்த பழம்? தலைமுறை தலைமுறையாக அளந்து கொடுத்ததை ஒரே ஒரு தடவை அவர்களே குடித்தார்கள்.

கோடையில் படை வந்தது. தலைவர்களைக் கொன்றார்கள். அபராதம் போட்டார்கள். 1527-இல் பேராயர் ஆல்பிரெக்ட் புதுச் சட்டம் கொண்டுவந்தார், பழைய உரிமைகள் பெரும்பாலும் போயின. மார்ட்டின் லூதர் 1517-இல் தன் 95 வாதங்களை அனுப்பி வைத்தாரே, அதே ஆல்பிரெக்ட்.

ஆயர் கோலின் கீழ் நல்வாழ்வு என்பது, கோல் கையில் இருக்கிறவரைப் பொறுத்தது ஐயா.

பனிமயம்

பழஞ்சுவடி அம்மா, எபர்பாக் பீப்பாய் பற்றி இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏற்றுக்கொள்கிறேன். உரிமை பெற்ற குடிகள் எழுந்தார்கள் என்பது என் கணக்கையும் மாற்றுகிறது. ஆனாலும் கஞ்சி வாசலை விட்டுவிடாதீர்கள். மடம் போன பிறகு அந்த வாசலை யார் திறந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

நான் வேறு ஒரு திசையிலிருந்து வருகிறேன். இந்த 1775 கதையை இவ்வளவு நம்பலாமா? அழுகின பழத்தில் இனிப்பு ஒயின் கிடைக்கும் என்பது ஐரோப்பாவுக்குப் புதுசு இல்லை. ஹங்கேரியின் டோக்காய் சீமையில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்து, அரசவைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஃபுல்டா ஆயரின் சாப்பாட்டு மேசைக்கு டோக்காய் வராமலா இருந்திருக்கும்?

குதிரைக்காரன் வழியில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டினான், காதலில் விழுந்தான், ஆயர் வேட்டைக்குப் போயிருந்தார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காரணம் பல என்றாலே கதை பின்னால் வளர்ந்தது என்று அர்த்தம்.

ரைன்கரை

கணக்குப்பிள்ளை, காரணங்கள் பின்னால் சேர்ந்தவை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. டோக்காய் முந்தியது, அதுவும் சரி. ஆனால் தாமதம் என்ற நடுக்கரு கற்பனை இல்லை. 1776 ஏப்ரல் 10 அன்று நிலவறைப் பொறுப்பாளர் எங்கெர்ட், இப்படியொரு ஒயினை இதுவரை வாயில் வைத்ததில்லை என்று எழுதிய குறிப்பு இருக்கிறது. அதன்பின் இந்தப் பண்ணை தாமதப் பறிப்பைத் தெரிந்தே, திட்டமிட்டே செய்யத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தது யார் என்பதைவிட, தொடர்ந்து செய்து பெயர் வைத்தது யார் என்பதில்தான் யோஹானிஸ்பெர்க்கின் பங்கு. 1971 ஜெர்மன் ஒயின் சட்டத்தில் 'ஷ்பேட்லேசெ' ஒரு தரமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த அழுகலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அக்டோபரில், ரைன்காவில் தெரிந்த ஒரு சிறு தோட்டத்தில் நாலு நாள் பறிப்புக்குப் போனேன். காலையில் நதியிலிருந்து மூடுபனி எழுந்து கொடிக்குள் புகுந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் வந்து உலர்த்திவிடும். இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்தால்தான் போட்ரைடிஸ் என்ற பூசணம் நல்லவிதமாகப் பிடிக்கும். வெயில் வராமல் ஈரமே இருந்தால் அதே பூசணம் குலையை நாசம் செய்துவிடும்.

ஒரு குலையைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மஞ்சளாக முழுப் பழம். நடுவில் ஊதாவும் பழுப்பும் கலந்த தோல். அடுத்த பக்கம் சுருங்கிச் சாம்பல் தூவியது போல உலர் பழம். தொட்டால் தோல் கையோடு வந்துவிடும். பூசணம் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரை உள்ளே கெட்டிப்படுகிறது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். தேன், அதோடு பாதாமி வற்றல் மாதிரி ஒரு வாசனை. கத்தரிக்கோல் விரலோடு ஒட்டிக்கொண்டது, குளவிகள் மொய்த்தன. சாயங்காலம் இடுப்பு நிமிரவில்லை.

அப்போதுதான் 1775-இன் அந்த நாட்கள் எனக்கு உறைத்தன. ஒவ்வொரு காலையும் இதே குலையைப் பார்த்துக்கொண்டு, பறிக்கவும் முடியாமல், வருஷத்து உழைப்பு முழுவதும் சாம்பல் பூத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அன்று ஃபுல்டாவில் இருந்த ஆயர் ஹைன்ரிக் ஃபொன் பிப்ரா நல்ல ஆட்சியாளர் என்றே பெயர் எடுத்தவர். ஆனால் நல்லவரோ இல்லையோ, அவர் பார்வையில் கொடி இல்லை.

தெற்குவாசல்

இழையை முழுக்கப் படித்தேன், நன்றி எல்லாருக்கும். திருச்சபையிடமிருந்து எப்போது போனது? பனிமயம் ஐயா கேட்ட கேள்விதான் எனக்கும்: போன பிறகு கொடிக்காரருக்கு என்ன மாறியது?

பழஞ்சுவடி

முதல் பாதியை நான் சொல்கிறேன். பிரெஞ்சுப் படை ரைனின் மேற்குக் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டபோது, அங்கே நிலம் இழந்த பிரபுக்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. எதை எடுத்துக் கொடுத்தார்கள் என்றால், கிழக்குக் கரையில் இருந்த திருச்சபை ராஜ்யங்களை. 1803-இல் அதைப் பேரரசின் சட்டமாகவே ஆக்கினார்கள். எபர்பாக் மடம் நாசாவ் என்ற ஜெர்மன் அரசுக்குப் போனது. ஃபுல்டா முந்தைய வருஷமே ஆரஞ்சு-நாசாவ் இளவரசர் வில்லியம் ஃபிரெடெரிக் கைக்குப் போய்விட்டது, யோஹானிஸ்பெர்க்கும் அதோடு சேர்ந்து போனது. இவர்தான் பின்னாளில் நெதர்லாந்தின் முதல் மன்னர்.

1806-இல் அவர் நெப்போலியனுக்கு எதிரணியில் நின்று எல்லாவற்றையும் இழந்தார். நெப்போலியன் பண்ணையைத் தன் தளபதி கெல்லர்மானுக்குக் கொடுத்தார். 1792-இல் வால்மி போரில் வென்றவர் இந்தக் கெல்லர்மான். 'கெல்லர்மான்' என்றால் நிலவறைக்காரர் என்று பொருள், பெயர் அப்படி அமைந்துவிட்டது. வால்நட்சத்திரம் தெரிந்த 1811-இன் விளைச்சல் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியது. அந்த அறுவடையை மும் என்ற பிராங்க்பர்ட் வியாபாரி வாங்கினார்.

நெப்போலியன் விழுந்ததும் பண்ணை மறுபடி வெற்றி பெற்றவர்கள் மேசைக்கு வந்தது. 1816-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் தன் அமைச்சர் மெட்டர்னிக்குக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வருஷமும் விளைச்சலில் பத்திலொரு பங்கு பேரரசர் குடும்பத்துக்குப் போக வேண்டும்.

ஆயர் போய், இளவரசர் போய், தளபதியும் போன பிறகு தசமபாகம் மட்டும் அப்படியே நின்றது, போய்ச் சேருகிற வீடுதான் வேறு. இப்போது அதைக் கொடுக்க வேண்டியவர் பண்ணைக்காரர் என்பது ஒரு வித்தியாசம்.

ரைன்கரை

அக்கா விட்ட இடத்திலிருந்து கொடிக்காரர் பக்கம் வருகிறேன்.

ரைன்காவ் நாசாவ் ஆட்சிக்குள் வந்தது. நாசாவ் 1808-இல் அடிமைக் குடிமுறையைச் சட்டப்படி ஒழித்தது. ரைன்காவில் அது ஏற்கெனவே இல்லை என்பதால் அங்கே பெரிய மாற்றமில்லை. தசமபாகம்தான் நீடித்தது. அதைச் சும்மா ரத்து செய்யவில்லை, விலை கொடுத்து மீட்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வருஷமும் கொடுக்கிற பங்கின் மதிப்பைப் பல மடங்காகப் பெருக்கி, அந்தத் தொகையைக் கட்டினால் நிலம் விடுபடும். ஏழை உழவரிடம் அவ்வளவு காசு எங்கே இருக்கும்? அதற்காகவே 1840-இல் வீஸ்பாடனில் ஒரு அரசுக் கடன் நிறுவனம் தொடங்கினார்கள். உழவர் அங்கே கடன் வாங்கி, தசமபாக உரிமையாளருக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு, கடனைப் பல வருஷம் அடைப்பார். அந்த நிறுவனம்தான் வளர்ந்து இன்று நாசாவ் சேமிப்பு வங்கியாக இருக்கிறது. வீஸ்பாடன் தெருவில் அதன் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும்.

பனிமயம் ஐயா, உங்கள் கஞ்சி வாசலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1803-க்குப் பிறகு நிலம் உழுதவர் கைக்கு வரவில்லை. மடத்து நிலம் அரசர் நிலமாகவும் பிரபு நிலமாகவும் மாறியது. வாங்கியதில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுத்த வாசலை மூடிவிட்டு, வாங்குவதை மட்டும் தொடர்ந்தார்கள் என்று நீங்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. அந்த இடத்தில் நீங்கள் சொன்னது சரி.

அப்புறம் 1848. மார்ச் 4 அன்று நாசாவ் ராஜ்யத்தின் கிராமங்களிலிருந்து சுமார் 30,000 பேர் வீஸ்பாடன் அரண்மனை முன் கூடினார்கள். கையில் அரிவாள், கோடாலி, கவைமுள். அரச நிலங்களை மக்கள் சொத்தாக்குவதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. டியூக் அடால்ஃப் மாடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 13 அன்று, வியன்னாவில் மெட்டர்னிக் பதவியை விட்டு ஓட வேண்டியதாயிற்று. யோஹானிஸ்பெர்க்கின் ஜன்னலில் நின்று எந்தச் சீமையைப் பார்த்து ரசித்தாரோ, அந்தச் சீமையின் உழவர்களும் அதே மாதத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை

கடன் வாங்கித் தசமபாகத்தை மீட்டார்கள் என்ற தகவல் எனக்குப் புதிது, ரைன்கரை. அதாவது 300 வருஷம் முன்னால் பீப்பாயைக் குடித்துத் தீர்த்ததற்கு உயிர் போனது, பின்னால் வந்தவர்கள் தவணை கட்டித்தான் வெளியே வந்தார்கள். பழைய கடன் பேரேடுகளைத் தேடிப் படிக்க வேண்டும் போல இருக்கிறது. 1775 பற்றி என் சந்தேகத்தையும் குறைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 10 குறிப்புக்கு நன்றி.

பனிமயம்

கோயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் பேரனைப் பார்க்க வந்தபோது அங்கே பூசைக்குப் போயிருந்தேன். 1942 ஆகஸ்ட் 13 குண்டுவீச்சில் மாளிகையும் கோயிலும் எரிந்து போயின. மறுபடி கட்டும்போது பரோக் அலங்காரத்தைத் திரும்பக் கொண்டுவராமல், 12-ஆம் நூற்றாண்டில் துறவிகள் கட்டின எளிய வடிவத்துக்கே போனார்கள். உள்ளே வெறும் சுவர், வட்ட வளைவுகள், மேலே மரக்கூரை. படம் இல்லை, பொன் பூச்சு இல்லை. காலை வெளிச்சம் ஒரு பக்கச் சுவரில் விழுந்து மெதுவாக நகர்ந்தது. பண்ணைக்கு எத்தனையோ பேர் எஜமானராக இருந்தார்கள். இந்தச் சுவர்களின் அளவும் அமைப்பும் முதலில் வந்தவர்களுடையவை.

முல்லை

ஐயா, படிக்கும்போதே போக வேண்டும் போல இருக்கிறது. ரைன்கரை அண்ணா, வருகிற அக்டோபரில் பிராங்க்பர்ட் வருகிறேன். ஒயின் குடிக்கிற பழக்கம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ரைன்கரை

தாராளமாக வா முல்லை. ரயிலில் கைசன்ஹைம் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே மேலே நட, முக்கால் மணி நேரம். கூட்டத்தோடு உள்ளே விட்டால் நிலவறையையும் பார். அங்கே சுவரிலும் புட்டிகளிலும் கறுப்பாகக் கம்பளி போலப் பூசணம் படர்ந்திருக்கும், ஒயின் ஆவியை உண்டு வளர்வது அது. மிகப் பழைய புட்டி 1748-ஆம் வருஷத்தது. ஃபுல்டா காலத்துப் பழத்தின் சாறு இன்னும் கண்ணாடிக்குள் இருக்கிறது.

முற்றத்துக்குப் பின்னால் மதில் ஓரம் போய் நில். பூமியின் 50-ஆவது அட்ச ரேகை இந்தத் தோட்டத்தின் வழியாகப் போகிறது. தெற்கே பார்த்தால் சரிவு, சரிவின் அடியில் ஊர், அப்பால் அகன்ற ரைன். ரைன் பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும், இங்கே டௌனுஸ் மலை மறித்து மேற்கே திருப்பிவிடுகிறது. அதனால்தான் கரை முழுக்கத் தெற்கு வெயில். அக்டோபர் நடுவில் வந்தால் பறிப்பு நடக்கும். இப்போதும் செங்குத்தான பகுதிகளில் கையால்தான் பறிக்கிறார்கள், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பருவ வேலைக்கு வருகிறவர்கள். வரிசை ஓரமாக நின்று கொஞ்ச நேரம் அவர்கள் கைகளைப் பார். குலையைத் திருப்பி, கெட்டதை நகத்தால் கிள்ளி எறிந்து, நல்ல அழுகலைத் தனிக் கூடையில் போடுவார்கள். கண் எடுக்க முடியாது.

நான் அந்த வாரம் சனிக்கிழமை சும்மாதான் இருப்பேன். வருகிற தேதி தெரிந்ததும் இங்கேயே எழுது, சேர்ந்து போகலாம். பழஞ்சுவடி அக்கா, உங்களுக்கும் முடிந்தால் எபர்பாக்குக்கும் ஒரு நடை போய் அந்தப் பீப்பாய் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.